துடிக்கும் கறி

ஆட்டை அறுத்துத் தோலுரித்துக் கொக்கியில் மாட்டிச் சில நிமிடங்கள் ஆகியிருக்கும். தலை ஒருபக்கம், குடல் ஒருபக்கம். இதயம் ஈரலோடு தட்டில் கிடக்கிறது. மூச்சில்லை, ரத்த ஓட்டமில்லை, உத்தரவிட மூளையும் இல்லை. அப்படியிருந்தும் தொடையில் ஓரிடம் வெடுக்கென்று துள்ளும்; சற்றுப் பொறுத்து முதுகில் இன்னோர் இடம் நெளியும். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் கறிக்கடைக்குப் போகிறவர்கள் இதைப் பார்த்திருப்பார்கள். கறி துடித்தால் இப்போதுதான் அறுத்தது என்று நம்பி வாங்குவார்கள். அந்த நம்பிக்கை சரிதான். ஆனால் ஆடு செத்த பிறகு அந்தச் சதை எதைக் கொண்டு துடிக்கிறது, எதுவரை துடிக்கும், ஏன் நின்றுபோகிறது என்று கேட்டுக்கொண்டே போனால், நாம் எழுந்து நடப்பதும் மூச்சு விடுவதும் எப்படி என்ற இடத்தில் போய் நிற்போம்.

ஆடு விலைபோகும் சந்தையிலிருந்தே தொடங்குவோம். விருதுநகர் மாவட்டம் நரிக்குடி வட்டாரத்தில் இருக்கிற வீரசோழன், சுற்றுவட்டார ஊர்களுக்கு ஆட்டுச்சந்தையால் பழக்கப்பட்ட பெயர். அருப்புக்கோட்டை, திருச்சுழி தாண்டி விரிந்து கிடக்கும் இந்த வானம் பார்த்த சீமையில் கண்மாய் பெருகினால் நெல். பெருகாத வருடத்தில் ஆடுதான் கைக்காசு. சீமைக்கருவேலங்காயைத் தின்றே ஆடு வளர்ந்துவிடும். முகத்தில் இரண்டு கோடு இறங்கும் கறுத்த கன்னி ஆடு இந்தப் பக்கத்துச் சொத்து. பக்ரீத்துக்கு முந்தின சந்தை என்றால் கூட்டம் சொல்ல வேண்டாம்.

ஆட்டுக்கு விலை பேசும் வியாபாரி முதலில் அதன் வாயைத் திறந்து எத்தனை பல் போட்டிருக்கிறது என்று பார்ப்பார். அடுத்து அவர் கை, கடைசி விலா எலும்பைத் தாண்டி இடுப்புக்குச் சற்று முன்னால் போகும். முதுகுத்தண்டின் இருபுறமும் விரல்களால் அழுத்துவார். "பன்னிரண்டு கிலோ தேறும்" என்பார். தராசே வேண்டாம். கால்நடை மருத்துவர்களும் ஆட்டின் உடல்வாகை மதிப்பிட அதே இடத்தைத்தான் தொடுகிறார்கள். அதற்கு ஒன்றிலிருந்து ஐந்துவரை மதிப்பெண் போடும் முறை அவர்களுக்கு உண்டு. அங்கே விரலுக்குத் தட்டுப்படுவது முதுகு நெடுக ஓடும் ஒரு நீண்ட எலும்புத்தசை. நாம் கறி என்று சொல்வதெல்லாம் இதுதான்: எலும்போடு பிணைந்து, நினைத்தபோது நினைத்தபடி இயங்கும் தசை. இதயம் வேறு வகைத் தசை, குடலின் சுவர் மூன்றாவது வகை. அவை இரண்டும் நம் சொல் கேட்பதில்லை. உடலில் உள்ள மூன்று வகைத் தசையையும் ஒரே மேசையில் பார்க்கக்கூடிய இடம் கறிக்கடை. மனித உடலில் எலும்புத்தசைகள் அறுநூறுக்கு மேல். எடையில் ஏறக்குறைய நாற்பது சதவீதம்.

அந்த வியாபாரி பல்லையும் முதுகையும் சேர்த்துப் பார்ப்பதில் ஒரு கணக்கு இருக்கிறது. முதுகு, கறி எவ்வளவு என்று சொல்லும். பல், கறி எப்படி வேகும் என்று சொல்லும்.

கறியை அலசும்போது கையில் வழுக்கும் வெள்ளை ஜவ்வைக் கவனித்திருப்பீர்கள். ஒரு தசை முழுவதையும் மூடியிருக்கும் உறை அது. துண்டை வெட்டினால் அதே ஜவ்வு மெலிந்து உள்ளே புகுந்து, சதையைக் கற்றை கற்றையாகப் பிரித்திருக்கும். வெந்த கறியைப் பிய்க்கும்போது நார் நாராக வருவது இந்தக் கற்றைகள்தான். கற்றைக்குள் இருக்கும் ஒவ்வோர் இழைக்கும் கண்ணுக்குத் தெரியாத மெல்லுறை ஒன்று உண்டு. இந்த மூன்று அடுக்கு உறைகளும் தசையின் முனையில் ஒன்றாகத் திரண்டு, கெட்டியான வெள்ளை நாணாக மாறி எலும்பில் போய்ப் பிடித்துக்கொள்கின்றன. கடையில் "அந்த நரம்பை எடுத்துடுங்க பாய்" என்று சொல்லி நாம் ஒதுக்குவது இந்த நாணைத்தான். உண்மையான நரம்பு இவ்வளவு தடிமனாகக் கறிக்கடையில் கண்ணில் படுவது அரிது. நாண் இல்லையென்றால் இழைகள் எவ்வளவு சுருங்கினாலும் எலும்பு அசையாது. இழுப்பது சதை; அந்த இழுப்பை எலும்புக்குக் கொண்டு சேர்ப்பது ஜவ்வு.

ஜவ்வும் நாணும் கொலாஜன் என்ற புரதத்தால் ஆனவை. நம் உடலில் உள்ள புரதத்தில் கால் பங்குக்கு மேல் இதுதான். அதன் கட்டமைப்பை முதலில் அவிழ்த்துச் சொன்னது சென்னை. 1952-இல் முப்பது வயதில் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைக்குத் தலைவராக வந்த ஜி. என். ராமச்சந்திரனிடம், அங்கே பிரிட்டனிலிருந்து வந்திருந்த அறிஞர் பெர்னல், கொலாஜனின் அமைப்பு இன்னும் யாருக்கும் பிடிபடவில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் கங்காரு வாலின் நாணிலிருந்து எடுத்த கொலாஜனை எக்ஸ் கதிர்களால் படம் பிடித்து ஆராய்ந்தார்கள். மூன்று சங்கிலிகள் ஒன்றையொன்று தழுவி முறுக்கிக்கொண்டிருக்கும் அமைப்பு என்று 1954 ஆகஸ்டில் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். மறு ஆண்டே அதைத் திருத்தி மேம்படுத்தினார்கள். சில நுணுக்கங்களில் கிரிக், ரிச் என்ற வெளிநாட்டு ஆய்வாளர்கள் மாறுபட்டுச் சொன்னதால் வாக்குவாதமும் வந்தது. ஆனால் மூன்றிழை முறுக்கு என்ற அடிப்படை நிலைத்துவிட்டது. 

வயது ஏற ஏறக் கொலாஜன் சங்கிலிகளுக்கு இடையே குறுக்குப் பிணைப்புகள் கூடிக்கொண்டே போகும். எட்டுப் பல் போட்ட கிழட்டுக் கிடாயின் கறி வேக மறுப்பது அதனால். ஈரத்தில் நீண்ட நேரம் வேகவைத்தால்தான் அந்த முறுக்கு அவிழ்ந்து பசையாக இளகும். ஆட்டுக்கால் சூப்பு ஆறினால் கட்டிக்கொள்வதும் அந்தப் பசையால்தான். அவசரம் என்றால் பச்சைப் பப்பாளிக்காயை அரைத்துப் பூசுவார்கள்; அதிலிருக்கும் பப்பைன் என்ற நொதி இழைகளையும் ஜவ்வையும் சேர்த்தே அரித்துவிடும். வேலை குறைந்த முதுகுச் சதையில் ஜவ்வு குறைவு, ஆகவே சீக்கிரம் வேகும். நாளெல்லாம் உடம்பைச் சுமந்து நடக்கும் காலில் ஜவ்வு அதிகம். மேய்ச்சலுக்கு எவ்வளவு தூரம் நடந்த ஆடு என்பது குழம்புச் சட்டியில் தெரிந்துவிடும்.

ஜவ்வை விலக்கி இழைக்குள் போவோம். ஒரு தசையிழை என்பது ஒரே ஓர் உயிரணு. தலைமுடி அளவோ அதைவிட மெல்லியதாகவோ இருக்கும். நீளமோ பல சென்டிமீட்டர் போகும். கருவில் பல சிறு அணுக்கள் ஒன்றோடொன்று கலந்து உருவானதால் இந்த ஓர் அணுவுக்குள் நூற்றுக்கணக்கில் உட்கருக்கள் இருக்கின்றன. உடற்பயிற்சி செய்தால் இழைகளின் எண்ணிக்கை கூடுவதாகப் பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் கூடுவது ஒவ்வோர் இழையின் பருமன்தான். இழைக்குள் நீளவாக்கில் நுண்ணிழைகள் நெருக்கமாக அடுக்கப்பட்டிருக்கின்றன. நுண்ணிழையை நுண்ணோக்கியில் பார்த்தால் வெளிர், அடர் என்று மாறி மாறிப் பட்டைகள் தெரியும். இரண்டு எல்லைக் கோடுகளுக்கு இடையே உள்ள ஒரு பகுதிக்குச் சார்க்கோமியர் என்று பெயர். அதன் நீளம் மில்லிமீட்டரில் நானூறில் ஒரு பங்கு. பத்து சென்டிமீட்டர் இழை ஒன்றில் இவை வரிசையாக நாற்பதாயிரம் நிற்கும். ஒவ்வொன்றும் தன் நீளத்தில் ஐந்தில் ஒரு பங்கு சுருங்கினால் போதும், இழை இரண்டு சென்டிமீட்டர் குறைந்துவிடும். முழங்கையில் இரண்டு சென்டிமீட்டர் சுருக்கம் உள்ளங்கையை அதைப்போலப் பல மடங்கு தூக்கும்.

சார்க்கோமியர் எப்படிச் சுருங்குகிறது? உள்ளே இருக்கும் புரதங்கள் மடங்கிச் சுருண்டுகொள்கின்றன என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தார்கள். 1954 மே 22 இதழில், அதே 'நேச்சர்' பத்திரிகையில், அடுத்தடுத்து இரண்டு கட்டுரைகள் வந்தன. ஒன்று கேம்பிரிட்ஜில் ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும் நீடர்கெர்க்கேயும் தவளையின் உயிருள்ள இழைகளைப் பார்த்து எழுதியது. மற்றது அமெரிக்காவில் ஹியூ ஹக்ஸ்லியும் ஜீன் ஹேன்சனும் முயல் தசையைப் பார்த்து எழுதியது. இரண்டு ஹக்ஸ்லிகளுக்கும் உறவில்லை. இருவரும் வேறுவேறு கருவியில் கண்டது ஒன்றே: எதுவும் மடங்குவதில்லை. சார்க்கோமியருக்குள் இருக்கும் தடித்த இழைகளும் மெல்லிய இழைகளும் தத்தம் நீளம் மாறாமல் ஒன்றுக்குள் ஒன்று சறுக்கி நுழைகின்றன. மூன்று மாதத்துக்குள் சென்னையிலிருந்து கொலாஜன் கட்டுரை. ஆக, கறியில் நாம் மெல்லுவதும் மெல்ல முடியாமல் துப்புவதும் ஒரே ஆண்டில், ஒரே இதழில் விளங்கிவிட்டன.

தடித்த இழை, மயோசின் என்ற புரதத்தின் மூலக்கூறுகள் முந்நூறு வாக்கில் சேர்ந்தது. ஒவ்வொரு மூலக்கூறுக்கும் இரண்டு தலைகள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். மெல்லிய இழை, ஆக்டின் மணிகளால் ஆனது. மயோசின் தலை ஆக்டினைப் பிடிக்கும், வளைந்து இழுக்கும், விடும், சற்றுத் தள்ளி மறுபடி பிடிக்கும். நம்மூர் ஆழக் கிணற்றில் கைமாற்றிக் கைமாற்றி வாளிக் கயிறு இழுக்கிறோமே, வேலை அதுதான். ஒரு கை விடும்போது இன்னொரு கை பிடித்திருப்பதால் வாளி கீழே போவதில்லை. இங்கே நூற்றுக்கணக்கான கைகள் ஆளுக்கொரு நேரத்தில் பிடித்து விடுகின்றன. ஓர் இழுப்புக்கு நகர்வது பத்து நானோமீட்டர் வாக்கில், அதாவது மில்லிமீட்டரின் லட்சத்தில் ஒரு பங்கு. மூட்டை தூக்குவதும் மாடு பிடிப்பதும் இதன் கூட்டுத்தொகை. மஞ்சுவிரட்டில் காளையின் திமிலைப் பாய்ந்து அணைப்பவர் பிடிப்பதும் பெரும்பகுதி தசைதான். தோள்பட்டைக்கு மேல் ஓடும் ஒரு தசை கொழுப்போடு சேர்ந்து புடைத்திருப்பதே திமில்.

இனி வருவதுதான் இந்தக் கதையில் என்னை வியக்கவைக்கிற பகுதி. இழுப்பதற்குச் சக்தி வேண்டும் என்பது யாருக்கும் தோன்றும். ஆனால் மயோசின் தலைக்குச் சக்தி மூலக்கூறு வந்து ஒட்ட வேண்டியிருப்பது, பிடித்த பிடியை விடுவதற்கு. அந்த மூலக்கூறின் பெயர் ஏ.டி.பி. அது வந்து ஒட்டிய கணத்தில் மயோசின் ஆக்டினை விட்டு விலகுகிறது. பிறகு ஏ.டி.பி. உடையும்போது கிடைக்கும் ஆற்றலில் தலை பின்னோக்கி வளைந்து அடுத்த இழுப்புக்குத் தயாராகிறது. ஏ.டி.பி. வரவில்லையென்றால் தலை பிடித்த இடத்திலேயே நின்றுவிடும். மயோசினின் இயல்பு பிடித்திருப்பது; விடுவதற்குத்தான் கூலி கொடுக்க வேண்டும். கையை மடக்குவதைப் போலவே, மடக்கிய கையைத் தளர்த்துவதும் செலவு பிடிக்கிற காரியம்.

இந்த ஏ.டி.பி.யின் வரலாற்றிலும் சென்னையில் படித்த ஒருவர் இருக்கிறார். பீமவரத்தில் 1895-இல் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியிலும் மருத்துவக் கல்லூரியிலும் படித்த எல்லாபிரகத சுப்பாராவ். கதர் உடுத்திக்கொண்டு வகுப்புக்குப் போனதால் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, முழுப் பட்டம் கிடைக்காமல் எல்.எம்.எஸ். சான்றிதழோடு வெளியே வந்தவர். பிறகு அமெரிக்கா போய் ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்கேயோடு சேர்ந்தார். உடல் திரவங்களில் பாஸ்பரஸை நீல நிறமாக மாற்றி அளக்கும் ஒரு முறையை இருவரும் 1925-இல் வெளியிட்டார்கள். ஆய்வகங்களில் இன்றும் அது ஃபிஸ்கே-சுப்பாராவ் முறைதான். அந்த முறையால் தசையை அளந்தபோது கணக்கு இடித்தது. இருக்க வேண்டியதைவிட அதிகமாகப் பாஸ்பரஸ் காட்டியது. துருவிப் போனதில் 1927-இல் கிரியேட்டின் பாஸ்பேட் கிடைத்தது; தசை வேலை செய்யும்போது அது குறைகிறது, ஓய்வில் திரும்ப ஏறுகிறது என்றும் தெரிந்தது. 1929-இல் ஏ.டி.பி.யையும் தசையிலிருந்து பிரித்தார்கள். அதே ஆண்டு ஜெர்மனியில் கார்ல் லோமானும் தனியாக அதைக் கண்டார். அதுவரை தசை இயங்குவதே லாக்டிக் அமிலத்தால்தான் என்று சொல்லி நோபல் பரிசும் கொடுத்து முடித்திருந்தார்கள். சுப்பாராவின் கண்டுபிடிப்பு அந்தக் கொள்கையை ஆட்டம் காண வைத்தது. 1930-இல் டென்மார்க்கின் லுண்ட்ஸ்கார்ட், லாக்டிக் அமிலமே உண்டாகாதபடி செய்தும் தசை சுருங்குவதைக் காட்ட, அது விழுந்தேவிட்டது.

லாக்டிக் அமிலத்தின் மேல் விழுந்த பழி மட்டும் இன்னும் போகவில்லை. பல மாதம் சும்மா இருந்துவிட்டு ஒருநாள் கண்மாய்க் கரையில் கருவேலம் வெட்டப் போனால் மறுநாள் கை தூக்க முடியாது. இரண்டாம் நாள் இன்னும் வலிக்கும். அதற்கும் லாக்டிக் அமிலம்தான் காரணம் என்கிறார்கள். அது வேலை முடிந்த ஓரிரு மணி நேரத்திலேயே ரத்தத்தில் கலந்து கரைந்துவிடும். மறுநாள் வலி, பழக்கமில்லாத இழுப்பில் நுண்ணிழைகள் சிதைந்து, உடல் அதைச் சீர்செய்யும்போது வருவது. சீரானபின் அந்த வேலைக்கு அந்தத் தசை முன்னைவிடத் தாங்கும்.

தசையில் எந்த நேரமும் கையிருப்பில் இருக்கும் ஏ.டி.பி. முழு வேகத்தில் ஓடினால் இரண்டு மூன்று வினாடிக்குத்தான் காணும். கிரியேட்டின் பாஸ்பேட் இன்னொரு பத்து வினாடிக்கு முட்டுக்கொடுக்கும். அதற்குள் சர்க்கரையும் கொழுப்பும் எரிந்து புது ஏ.டி.பி. வந்தாக வேண்டும். உடலில் மொத்தமாக இருப்பது கால் கிலோவுக்குள். ஆனால் அது உடைந்து உடைந்து மறுபடி உருவாவதால் ஒரு நாளில் புழங்கும் அளவு நம் உடல் எடைக்குக் கிட்டத்தட்டச் சமம் என்று கணக்கிடுகிறார்கள். இதில் வேலையாக மாறுவது கால்வாசி கூட இல்லை, மீதியெல்லாம் வெப்பம். மார்கழிக் குளிரில் உடம்பு நடுங்குவது அந்த வெப்பத்துக்காக. சித்திரை வெயிலில் கரிமூட்டம் போடுகிறவருக்கோ அதே வெப்பம் பகை.

இப்போது கொக்கியில் தொங்கும் தொடைக்குத் திரும்பலாம். ஆடு செத்துவிட்டது என்பது ஆட்டுக்குத்தான் பொருந்தும். தொடையில் உள்ள ஒவ்வோர் இழையும் இன்னும் உயிரணுதான். அதனிடம் ஏ.டி.பி. இருக்கிறது, கிரியேட்டின் பாஸ்பேட் இருக்கிறது, மாவுச்சத்தாகச் சேமித்த சர்க்கரை இருக்கிறது. ரத்தம் நின்றதால் இழையின் சவ்வுக்கு உள்ளும் புறமும் உப்புகளின் சமநிலை குலைய ஆரம்பிக்கிறது. அறுபட்ட நரம்பு முனைகளில் தாறுமாறாக மின்துடிப்புகள் எழுகின்றன. யாரும் இடாத உத்தரவு வந்துசேர்ந்ததாக இழை எடுத்துக்கொண்டு சுருங்குகிறது, கையில் ஏ.டி.பி. இருப்பதால் விடவும் செய்கிறது. துடிப்பு என்பது இந்தச் சுருங்கி விடுதல். விட முடிகிறவரைதான் துடிப்பு.

காற்றில்லாமல் சர்க்கரையை உடைத்து ஏ.டி.பி. செய்ய முயலும் தசையில் லாக்டிக் அமிலம் தேங்கும். புளிப்புக் கூடும். கடைசியில் அந்த வழியும் அடைபடும். ஏ.டி.பி. தீரத் தீர, சுருங்கச் சொல்லும் சைகையாக இழைக்குள் அடைத்துவைத்த கால்சியம் கசிந்து பரவி எல்லா மயோசின் தலைகளையும் ஆக்டின் மேல் ஏவிவிடும். பிடித்த தலைகளை விடுவிக்க ஏ.டி.பி. இல்லை. கறி விறைத்துவிடுகிறது. அறுத்த சில மணி நேரத்துக்குள் வெட்டி, அலசி, அடுப்பில் ஏற்றிவிடும் நம் வழக்கம் இந்த விறைப்புக்கு முன்னே முந்திக்கொள்வது; அதனால்தான் துடித்த கறி நன்றாக வேகிறது. விறைப்பு ஏறிய வேளையில் சமைத்தால் ரப்பர்தான். குளிர்ப்பெட்டியில் ஓரிரு நாள் வைத்துத் தின்னும் நாடுகளில், இழைப் புரதங்களைத் தசையின் சொந்த நொதிகளே அரித்து விறைப்பு தளரும்வரை காத்திருக்கிறார்கள். அங்கே பிடி விடுவதில்லை; பிடித்த புரதங்களே சிதைந்து தளர்கின்றன. மனித உடலிலும் இதே கணக்கு. இறந்து இரண்டு மூன்று மணி நேரத்தில் முகத்தில் தெரியத் தொடங்கும், அரை நாளில் உடல் முழுதும் பரவும், பிறகு ஓரிரு நாளில் தளரும். நம் வெயிலில் எல்லாமே சீக்கிரம். தாடையைத் துணியால் கட்டுவதும், கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டுவதும், கண்ணை மூடிவிடுவதும் விறைப்பதற்கு முன்பே நடந்தாக வேண்டிய காரியங்கள் என்பது வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரியும்.

இந்த இடத்தில் திருச்சுழிக்காரர் ஒருவர் நினைவுக்கு வருகிறார். 1879 டிசம்பர் 30-ஆம் தேதி அங்கே பிறந்த வேங்கடராமன். 1896 ஜூலையில், மதுரையில் சித்தப்பா வீட்டு மாடியில் தனியாக இருந்தபோது, நோய் எதுவுமில்லாமலே அவரைச் சாவு பயம் திடீரென்று பிடித்துக்கொண்டது. சாவு என்றால் என்ன என்று பார்த்துவிடுவது என்று பதினாறு வயதுப் பையன் படுத்து, கை கால்களைப் பிணம்போல விறைக்க நீட்டி, உதட்டை இறுக மூடி, மூச்சை அடக்கிக்கொண்டான். இந்த உடம்பு செத்தால் நான் சாவேனா என்று உள்ளே கேட்டுக்கொண்டான். சில வாரங்களில் வீட்டை விட்டுக் கிளம்பித் திருவண்ணாமலை போய்ச் சேர்ந்தவர், ரமண மகரிஷி ஆனார். ஆன்மிகத்தில் அந்த அரை மணி நேரத்துக்கு இருக்கும் பொருளை எடைபோட எனக்குத் தகுதியில்லை. உடலியல் மட்டும் சொல்கிறேன். பிணத்தின் விறைப்பு, ஏ.டி.பி. சுத்தமாகத் தீர்ந்ததால் வருவது. அதை நடித்துக்காட்ட அந்தப் பையனின் தசைகள் வினாடிக்கு வினாடி ஏ.டி.பி.யைக் கோடிக்கணக்கில் செலவழித்துக்கொண்டிருந்தன. கையும் காலும் அசையவில்லை. உள்ளே மயோசின் தலைகள் ஓயாமல் பிடித்து, விட்டு, மறுபடி பிடித்துக்கொண்டிருந்தன. உயிரோடிருக்கிற உடம்பால் சாவை நடிக்க முடியும். அதற்கும் உயிரைத்தான் செலவழிக்க வேண்டும்.

இரவில் கெண்டைக்கால் பிரட்டிக்கொள்கிறதே, அது பிண விறைப்பின் சாயலா என்று கேட்கலாம். இல்லை. அங்கே ஏ.டி.பி. இருக்கிறது. நரம்புதான் உத்தரவை நிறுத்தாமல் அனுப்பிக்கொண்டிருக்கிறது. வெயிலில் வேலை செய்து வியர்வையோடு உப்பை இழந்தவர்களுக்கு இது அடிக்கடி வரும். பாதத்தை முகத்தை நோக்கி மடக்கி இழுத்தால், நாணில் உள்ள உணர்வு முனைகள் அந்த நரம்பை அடக்கிவிடும்.

உத்தரவு வரும் வழி இதுதான். நரம்பின் நுனி இழையைத் தொடும் இடத்தில் நூலிழை அளவுகூட இல்லாத ஓர் இடைவெளி. நுனியிலிருந்து அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் கசிந்து அந்த இடைவெளியைக் கடக்கிறது. இழையின் மேல் இருக்கும் ஏற்பிகளில் அமர்கிறது. இழை நெடுக மின்துடிப்பு பாய்கிறது. உள்ளே அடைத்துவைத்த கால்சியம் திறந்துவிடப்படுகிறது. ஆக்டினின் பிடிமானங்களை மறைத்துக்கொண்டிருக்கும் புரதங்களைக் கால்சியம் விலக்குகிறது. மயோசின் பிடிக்கிறது. துடிப்பு நின்றதும் கால்சியத்தை மறுபடி உள்ளே இறைத்து அடைக்க வேண்டும், அதற்கும் ஏ.டி.பி. செலவாகும். கண்ணை அசைக்கும் தசைகளில் ஒரு நரம்பணு பத்து வாக்கில் இழைகளைத்தான் ஆள்கிறது. கெண்டைக்காலில் ஒன்றுக்கு ஆயிரத்துக்கு மேல்.

இந்த இடைவெளியைத்தான் நல்ல பாம்பும் கட்டுவிரியனும் குறிவைக்கின்றன. நல்ல பாம்பின் நஞ்சு ஏற்பிகளில் போய் உட்கார்ந்து அசிட்டைல்கோலினுக்கு இடம் தராமல் செய்கிறது. கட்டுவிரியனின் நஞ்சு நரம்பின் நுனியையே சிதைக்கிறது. வெக்கைக்குப் பயந்து தரையில் பாய் விரித்துப் படுக்கிற ஊர்களில் கட்டுவிரியன் கடி இரவில்தான் நடக்கும். பல் பட்ட தடம் தெரியாது, வீக்கம் இருக்காது, வலியும் பெரிதாக இராது. விடியற்காலையில் வயிற்று வலி என்பார்கள். பிறகு கண் இமை தொங்கும். பேச்சு குழறும். விழுங்க முடியாது. கடைசியில் மூச்சுக்கான தசைகள், அதாவது உதரவிதானமும் விலாவிடைத் தசைகளும், நிற்கும். அவையும் எலும்புத்தசையே, மூச்சு தானாக நடப்பதுபோல் தோன்றினாலும் ஒவ்வொரு மூச்சுக்கும் நரம்பின் உத்தரவு வேண்டும்.

இறந்த ஆட்டின் தசையில் விடுவதற்கு ஏ.டி.பி. இல்லை. கட்டுவிரியன் கடித்தவரின் தசையில் ஏ.டி.பி., கால்சியம், மயோசின் எல்லாம் குறையின்றி இருக்கின்றன. பிடிக்கச் சொல்லி உத்தரவு வருவதில்லை. உடல் விறைக்காமல் துவண்டு கிடக்கும். கண் திறக்காது, கூப்பிட்டால் பதில் வராது, கண்மணிகூட வெளிச்சத்துக்கு அசையாமல் போகலாம். ஆனால் காது கேட்டுக்கொண்டிருக்கலாம், இதயம் துடித்துக்கொண்டிருக்கும். முடிந்துவிட்டது என்று சுற்றியிருப்பவர்கள் கைவிடுவது இந்த நிலையில்தான். செயற்கைச் சுவாசக் கருவியில் வைத்து நாட்கணக்கில் மூச்சுக் கொடுத்தால் நரம்பின் நுனி மறுபடி வளர்ந்துவிடும். ஆள் எழுந்து வீட்டுக்கு நடந்து வருவார். இந்தியாவில் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியால் சாகிறார்கள் என்பது 2020-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வின் மதிப்பீடு.

ஆகவே ஒரு வேண்டுகோள். பாம்பு கடித்தது என்று தெரிந்தாலோ, தரையில் படுத்தவருக்கு விடியலில் வயிற்று வலியோடு இமை தொங்கினாலோ, பாடம் போடவும் பச்சிலை தேடவும் நேரத்தைக் கழிக்காதீர்கள். கடிபட்டவரை நடக்கவோ ஓடவோ விடாதீர்கள். காலின் தசை ஒவ்வொரு முறை சுருங்கும்போதும் நஞ்சை நிணநீரோடு மேலே தள்ளுகிறது. கையையோ காலையோ கட்டையோடு சேர்த்து அசையாமல் வைத்துக்கொள்ளுங்கள். இறுக்கிக் கயிறு கட்ட வேண்டாம், பிளேடால் கீற வேண்டாம். 108-ஐ அழைத்து, நஞ்சுமுறிவு மருந்தும் சுவாசக் கருவியும் உள்ள அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள். 2022 முதல் விருதுநகரிலேயே அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மதுரையும் எட்டாத தூரமில்லை. வழியில் மூச்சு நின்றால் வாயோடு வாய் வைத்தாவது மூச்சு கொடுங்கள். மருத்துவர் பார்த்துச் சொல்லும்வரை யாரும் இறந்துவிட்டதாக முடிவு கட்ட வேண்டாம்.